பழுது நாடும் உரைநடை: வீட்டுக் கணினி நூல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் மருத்துவ நூல்கள் உள. மனை நூல்கள் உள. கணக்கு நூல்களும் உள. அவற்றின் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தலும், அவற்றின் மொழிநடையை ஆராய்தலும் தமிழ்த்துறையின் பணியே என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயின், நம் காலத்துத் தொழில்நூல்களை அவ்வாறு ஆராய்வார் அரியர். பழைய சுவடியில் நோய்க்குறி கூறும் முறையை நுணுகி நோக்கும் நாம், நம் மேசைமீதுள்ள கணினி நின்றுவிட்டபோது படிக்கும் பக்கங்களை எழுத்து என்றே எண்ணுவதில்லை. அவையும் உரைநடையே. அவற்றுக்கும் நடையுண்டு, வைப்புமுறையுண்டு, குணமும் குற்றமும் உண்டு. அவற்றின் குற்றத்தால் படிப்பவர் பொருளிழப்பர்; சிலபோது பொருளினும் அரியதை இழப்பர்.

வீட்டிலுள்ள மேசைக் கணினியின் வன்பொருட் பழுதை நாடிக் காணுமாறு கூறும் நூல்களின் உரைநடையே இக்கட்டுரையின் பொருள். மடிக்கணினியும் கைப்பேசியும் ஈண்டுக் கொள்ளப்படவில்லை. மேசைக் கணினியின் உறுப்புகள் கழற்றிப் பூட்டத்தக்கவை. ஒன்றை நீக்கி மற்றொன்றை இட்டுப் பார்க்கலாம். ஆதலின், ஐயத்தைச் சோதனையால் தீர்த்துக்கொள்ள அங்கே இடமுண்டு. எம் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றோம். பழுது நாடும் நூலைத் தீர்வுகளின் தொகுப்பாகக் கொள்ளுதல் தவறு. அஃது ஒரு வாதம். கண்டதையும் கருதியதையும் எந்த அளவிற்குப் பிரித்துரைக்கின்றதோ, அந்த அளவிற்கே அது பயன்படும். தமிழில் இவ்வகை எழுத்து இடறுவதற்குக் கலைச்சொற் பஞ்சத்தைக் காரணமாகக் கூறுவர் பலர். இப்பிரிவினை இன்மையே தலையாய காரணம் என்பதை நிறுவ முயல்வோம்.

1. நோயாளியும் சான்றாளரும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த முறை யாவரும் அறிந்ததாகலின், அதனை ஈண்டு எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை. நோயும், நோயின் முதலும், தணிக்கும் வழியும், செயலும் என அவை வரிசைப்பட நிற்கின்றன. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருப்பான் என மருத்துவத்தின் நான்கு கூறுகளையும் அவ்வதிகாரம் உரைக்கின்றது. கணினியின் பழுதை இதனோடு ஒப்பிடுவார் ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். நோயுற்ற மனிதன் தன் நோவைத் தானே உரைப்பான். கணினியின் நோவையோ பெரும்பாலும் பிறர் உரைக்கின்றனர். நோயாளி வேறு, சான்றாளர் வேறு. ஆதலின், சான்றாளரின் சொல்லை ஆராய்தல் இங்கே முதற்பணியாகின்றது. அது மொழியறிந்தார் செய்தற்குரிய பணியுமாம்.

சான்று கூறுதலின் செவ்விய மாதிரி ஒன்று கணினி வரலாற்றிலேயே உண்டு. 1947 செப்டம்பர் 9ஆம் நாள், ஆர்வர்டு பல்கலைக்கழகத்திற் சோதிக்கப்பட்டு வந்த மார்க் 2 என்னும் பெருங்கணினியின் மின்னிணைப்பி ஒன்றினுள் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். கண்டவர், நேரத்தையும் எந்தப் பலகையில் எத்தனையாவது இணைப்பி என்பதையும் பணிப்பதிவேட்டிற் குறித்து, அப்பூச்சியையே அப்பக்கத்தில் ஒட்டிவைத்தனர். அப்பதிவேடு அமெரிக்காவின் சுமித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பழுதைப் பூச்சி எனச் சுட்டும் ஆங்கில வழக்கு இந்நிகழ்ச்சியிற் பிறந்தது என்பர். அது பொருந்தாது, 1878இலேயே எடிசன் தம் கடிதமொன்றில் அவ்வாறு எழுதியுள்ளார். நமக்கு வேண்டுவது சொல்லின் பிறப்பன்று, பதிவின் முறை. நாள், நேரம், இடம், கண்ட பொருள் ஆகிய நான்கும் அங்கே உள.

2. பயனர் மொழியின் மயக்கம்

தமிழ்நாட்டு வீடுகளில் மேசைக் கணினியின் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்றே வழங்குவர். அப்பெயர்க்கு உரியது பெட்டிக்குள் தாய்ப்பலகையின்மேல் அமர்ந்துள்ள செயலகச் சில்லு ஒன்றே. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆயிற்று. இலக்கணத்தார் இதனைச் சினையாகுபெயர் என்பர். நாட்பேச்சில் இதனால் வரும் இழுக்கு யாதுமில்லை. ஆயின், ‘சிபியு போய்விட்டது’ என்று பழுது நீக்குவாரிடம் கூறுமிடத்து இவ்வாகுபெயர் பொருட்செலவாக மாறிவிடும். கூறியவர் பெட்டியைக் கருதினார். கேட்டவர் சில்லைக் கருதலாம். சில்லோ எளிதிற் பழுதாவதன்று. மின்வழங்கியும் விசிறியும் வட்டுமே அதனினும் மிகுதியாகப் பழுதாவன.

‘ஆன் ஆகவில்லை’ என்னும் தொடர் இன்னும் மயக்கம் தருவது. அவ்வொரு தொடருள் ஐந்து நிகழ்ச்சிகளேனும் அடங்கும். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாது, விசிறியும் சுழலாது இருத்தல் ஒன்று. விசிறி ஒரு நொடி சுழன்று நின்றுவிடுதல் மற்றொன்று. விசிறி சுழன்றுகொண்டே இருப்பத் திரை இருண்டிருத்தல் மூன்றாவது. நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றி, இயங்குதளம் தோன்றாமை நான்காவது. யாவும் தோன்றிச் சிறிது நேரம் இயங்கிப் பின் நின்றுவிடுதல் ஐந்தாவது. முதலாவது சுவர் மின்சாரத்தையும் மின்வழங்கியையும் நோக்கி நம்மை அழைக்கும். இரண்டாவது எங்கோ மின்குறுக்கு உண்டு என்னும் ஐயத்தைத் தரும். மூன்றாவது நினைவகம், காட்சி அட்டை, திரையின் கம்பி என்பவற்றுள் ஒன்றைச் சுட்டலாம். நான்காவது வட்டையோ, தொடக்க அமைப்பையோ சுட்டும். தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்து அமைப்புகள் மாறியிருத்தலும் கூடும். ஐந்தாவது வெப்பத்தையும், நினைவகத்தையும், சுமை தாங்காத மின்வழங்கியையும் ஐயுறச் செய்யும். ஐந்துக்கும் ஒரே தலைப்பிட்டு ஒரே தீர்வு வரிசை தரும் நூல், ஐந்து நோய்க்கு ஒரு சூரணம் தரும் மருத்துவனை ஒக்கும்.

‘அணைத்தல்’ என்னும் சொல்லும் பொருள் மாறிவிட்டது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் அமைப்பை வகுத்தபின், அணைத்த கணினியிலும், அது சுவர் மின்சாரத்தோடு இணைந்திருக்குமளவும், 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டிருக்கும். எனவே, ‘கணினியை அணைத்துவிட்டு உறுப்பைக் கழற்றுக’ என்று எழுதுவது பழஞ்சொல்லை நம்பிப் புதுப்பொருளை இழப்பதாகும். ‘சுவரினின்று மின்கம்பியைப் பிடுங்கியபின் கழற்றுக’ என்பதே செப்பமான தொடர்.

மனிதர் சொல்லே அன்றிக் கணினி தானே எழுப்பும் சில குறிப்பொலிகளும் உண்டு. கணினி விழித்தெழும்போது தன் உறுப்புகளைத் தானே சோதிக்கும். குறை கண்டால் ஒலிக்கும். அவ்வொலிக்கும் பொருள் இடத்தைப் பொறுத்ததே. ஒரு குற்றொலி, அவார்டு நிறுவனத்தின் தொடக்க நிரலுள்ள பலகையில் யாவும் நலம் என்னும் பொருளது. ஏஎம்ஐ நிறுவனத்தின் பிழைப்பட்டியலிலோ ஓரொலி நினைவகப் புதுப்பிப்புத் தவறியதைச் சுட்டும். ஒரு சொல் இருவேறு நாட்டில் இருவேறு பொருள் படுதல் போன்றது இது. எப்பலகை என்று கூறாமல் ஒலிப்பட்டியலை மட்டும் பெயர்த்துத் தரும் கையேடு, எந்த மொழிக்குரியது என்று கூறாத அகராதியாகும்.

3. மூவகை நூல்கள்

ஆங்கிலத்தில் இத்துறையில் பெயர்பெற்ற மூன்று நூல்களை நோக்குவோம். மூன்றும் மூன்று வகைக்குச் சான்றாவன.

இசுகாட் முல்லர் எழுதிய கணினி மேம்பாட்டுப் பெருநூல் 1988இல் முதற்பதிப்பு வெளிவந்து, பின்னர் இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகள் கண்டது. இது நிகண்டு வகையினது. எந்த உறுப்பிற்கு எத்தனை முனை, எம்முனையில் எத்தனை வோல்ட், எந்த எண்ணுக்கு என்ன பிழை என்பன எல்லாம் அங்கே கிடைக்கும். இன்னது வேண்டும் என்று அறிந்து செல்வார்க்கு அதனினும் சிறந்த துணை அரிது. இன்னது என்று அறியாதார்க்கோ அதன் பெருமையே இடையூறு. நிகண்டில் ஒரு சொல்லைத் தேடுவதற்கு முன் அச்சொல்லை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? 12 வோல்ட் முனையில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்னும் வரம்பு பயனுடையதே. ஆயினும், சுமையில்லாதபோது சரியாகக் காட்டிச் சுமை ஏறியவுடன் தாழ்ந்துவிடும் மின்வழங்கியும் உண்டு என்பதை வரம்பு மட்டும் அறிந்தவர் அறியார்.

மாரிசு ரோசந்தால் 2003இல் வெளியிட்ட நூல் வழிப்படங்களால் ஆயது. ஆம், அன்று என்னும் இரு கிளையாகப் பிரிந்து பிரிந்து செல்லும் வினாக்கள் அதில் உள. முல்லர் நூலில் இல்லாத வழிநடத்தல் இதில் உண்டு. படத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு முடிச்சுக்கும் அவ்வினாவை அங்கே ஏன் எழுப்ப வேண்டும் என்று உரைநடையில் விளக்கம் எழுதியதே அந்நூலின் சிறப்பு என்று யாம் கருதுகின்றோம். படம் மூலம், விளக்கம் உரை. உரையில்லா மூலத்தைப் பின்பற்றுவோன், தன் கணினி படத்தில் இல்லாத ஒன்றைச் செய்தவுடன் திகைத்து நிற்பான்.

டேவிட் அகன்சு 2002இல் வெளியிட்ட நூல் ஒன்பது விதிகளை உடையது. வன்பொருள், மென்பொருள் இரண்டிற்கும் அவை பொது. ஊகிப்பதை நிறுத்தி நோக்குதல், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், செய்ததைக் குறித்து வைத்தல், நாம் திருத்தாதது தானே திருந்தாது என்று அறிதல் என்பன அவற்றுட் சில. இது சூத்திர வகை. சூத்திரம் நினைவில் நிற்கும், எங்கும் பொருந்தும். ஆனால், எந்தக் கம்பியை முதலிற் பிடுங்குவது என்று அது கூறாது.

நிகண்டும், வழிப்படமும், சூத்திரமும் தத்தம் நிலையிற் பயனுடையனவே. தமிழில் யாம் கண்ட கையேடுகள் பலவும் முதல் வகையின் பட்டியலையும் மூன்றாம் வகையின் சுருக்கத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் வகையின் உரையை விட்டுவிட்டன. அதன் விளைவை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம்.

4. வைப்புமுறையால் வந்த இழப்பு

எம் துறையில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருவரின் வீட்டுக் கணினி, எழுதிக்கொண்டிருக்கும்போதே நீலத்திரை காட்டி நிற்கத் தொடங்கியது. ‘விண்டோஸ் கெட்டுவிட்டது’ என்றார் அவர். அவர் கண்டது நீலத்திரை; விண்டோஸ் கெட்டது என்பது அவர் கருதியது. கையிற் கிடைத்த தமிழ்க் கையேடு ஒன்றைப் பின்பற்றினார். அதன் முதற்குறிப்பு, வட்டை முற்றும் அழித்து இயங்குதளத்தை மீள நிறுவுக என்பது. கோப்புகளை வேறிடத்திற் படியெடுத்து வைத்துக்கொள்க என்னும் எச்சரிக்கை ஐந்தாவது குறிப்பாக நின்றது. ஐந்தாவதைப் படித்தபோது முதலாவது முடிந்திருந்தது. எட்டுத் திங்களின் களக்குறிப்புகள் மறைந்தன. அவருக்குப் பாடிக் காட்டிய மூதாட்டியருள் ஒருவர் அதற்குள் இயற்கை எய்திவிட்டமையின், அவர் பாடல்களை மீண்டும் கேட்டெழுத வழியில்லாது போயிற்று.

மீள நிறுவிய இரண்டாம் நாளே நீலத்திரை திரும்பவும் தோன்றியது. அதன் பின்னரே, அறிந்தார் ஒருவர் மெம்டெஸ்ட் 86 என்னும் நினைவகச் சோதனையை இரவு முழுதும் ஓடவிட்டார், பிழைகள் தோன்றின. கணினியில் இரண்டு நினைவகத் துண்டுகள் இருந்தன. ஒன்றை நீக்கி மற்றொன்றை மட்டும் வைத்துச் சோதித்தபோது பிழை இல்லை. அதே பொருத்துவாயில் நீக்கிய துண்டை வைத்தபோது பிழை தோன்றியது. அத்துண்டை அடுத்த பொருத்துவாய்க்கு மாற்றியபோதும் பிழை அதனுடனே சென்றது.

இச்சோதனையின் அமைப்பு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதை, பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என அனுமானத்தின் உறுப்புகளைக் கூறிப் பின்னிரண்டையும் திட்டாந்தத்துள் அடக்குகின்றது. இத்துண்டு பழுதுடைத்து என்பது பக்கம். இது பூட்டியவழிப் பிழை தோன்றலானும், நீக்கியவழித் தோன்றாமையானும் என்பது ஏது. பழுதற்ற துண்டு அதே பொருத்துவாயிற் பிழையின்றி இயங்கியது எதிர்மறை எடுத்துக்காட்டு. பொருத்துவாயை மாற்றியும் பிழை தொடர்ந்தமை, பழுது பொருத்துவாயினது ஆகலாம் என்னும் தடையை நீக்கிற்று. இந்நான்கு தொடர்களையும் கையேடு கூறியிருப்பின், வட்டை அழிக்கும் நிலையே வந்திராது. அக்கையேட்டில் கலைச்சொற்கள் குறைவின்றி இருந்தன; மொழிபெயர்ப்பும் தூயதே. இல்லாது போனவை ஏதுவும் முறையுமே.

செய்முறை நூலில் வாக்கியத்தின் வரிசை காலத்தின் வரிசையாம். கவிதையில் முடிபு இறுதியில் நிற்கலாம். பொருள்கோள் வகையால் முன்பின்னாகக் கூட்டிக்கொள்ளலாம். செய்முறையைப் படிப்போன் கூட்டிக்கொள்ளான், படித்தவுடன் செய்வான். ஆதலின், மீட்க இயலாத செயல் எதுவோ அது கடைசியிலும், அதற்குரிய காப்பு அதற்கு முன்னும் நிற்றல் வேண்டும்.

5. தடையும் விடையும்

அற்றேல், பொதுமக்கட்குத் தீர்வு போதுமே, ஏது எதற்கு என வினவுவாரும் உளர். நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை எழுத்தழிக்கும் ரப்பரால் தேய்த்து மீண்டும் செருகினால் இருண்ட திரை ஒளிபெறும் என்பது நம் நாட்டிற் பரவலாக அறியப்பட்ட செய்முறை. பலமுறை அது பயன் தந்துள்ளது. ஏன் தந்தது என்று கேட்டார் சிலரே. கழற்றிச் செருகியது ஒன்று, தேய்த்தது மற்றொன்று என இரண்டு மாற்றம் ஒருங்கே நிகழ்ந்தன. தளர்ந்திருந்த துண்டு செவ்வையாக அமர்ந்ததே காரணமாயின், தேய்த்தல் வீண். அடுத்தடுத்துத் தேய்த்தால் பொன்பூச்சும் தேயும். ஏதுவறியாத தீர்வு இருமுறை பயன் தந்து மூன்றாம் முறை கெடுக்கும். அப்போது படித்தவனிடம் வேறு வழியில்லை, ஏதுவறிந்தானுக்கோ உண்டு.

சோதனையிற் குறை தோன்றாமையே நலத்திற்குச் சான்றாகுமே என்பது மற்றொரு தடை. ஆகாது. வட்டுகள் தம் நிலையைத் தாமே கண்காணித்துக் குறிக்கும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாடு உண்டு. கூகுள் ஆய்வாளர் மூவர் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, பழுதான வட்டுகளுள் 56 விழுக்காட்டிற்கு மேற்பட்டன முதன்மையான நான்கு குறிகளுள் ஒன்றையும் காட்டாமலே பழுதாயின என்று கண்டது. குறி தோன்றின் ஐயுறுக. தோன்றாவிடினும் படியெடுத்து வைக்க. இவ்விரண்டாம் பாதியை விட்டு, ‘ஸ்மார்ட் நலம் எனக் காட்டின் வட்டு நலமே’ என்று எழுதுவது கருதலைக் காட்சியாக மாற்றும் பிழையாம்.

எங்கும் ஏது கூறிக்கொண்டிருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. மின்வழங்கியின் உறையைத் திறக்கலாகாது என்பதைக் கட்டளையாகவே கூறுதல் தகும். 230 வோல்ட் மின்சாரம் அதனுள் நேர்மின்னாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகி மின்தேக்கியில் நிற்கும். கம்பியைப் பிடுங்கியபின்னும் சிறிது நேரம் நிற்றல் உண்டு. இங்கே படிப்பவனைச் சோதிக்கச் சொல்வது கொலைக்கு ஒப்பாகும். ஏவல் எங்கே, ஏது எங்கே என்று பகுத்தறிவதே இவ்வுரைநடையின் தலையாய திறன்.

6. ஒரு மாதிரி

குறை கூறி நிற்றல் திறனாய்வாகாது. இவ்வகைக் கையேடுகளின் நடைக்கு யாமே அமைத்துக்கொண்ட மாதிரி ஒன்று வருமாறு: ‘கணினி இயங்காவிடில் ரேமைச் சரிபார்க்கவும். பின்னர் மின்வழங்கியை மாற்றவும். சரியாகாவிடில் மதர்போர்டை மாற்றவும்.’ இயங்காமை ஐந்தனுள் எது என்று கூறாமையின் இது மயங்க வைத்தல். சரிபார்ப்பது எவ்வாறு என்று கூறாமையின் குன்றக் கூறல். நன்னூலார் நூற்குற்றங்களுள் வைத்த இவ்விரண்டும் மூன்றே தொடர்களில் வந்துவிட்டன. படித்தவர் மூன்று உறுப்புகளை விலைகொடுத்து வாங்கவும் நேரும்.

இதனை இவ்வாறு எழுதலாம்: ‘பொத்தானை அழுத்தியபின் விசிறி சுழல்கின்றதா என்று நோக்குக. சுழலாவிடில், கணினியின் கம்பியைப் பிடுங்கி, சுவரின் அதே செருகுவாயில் மேசைவிளக்கு ஒன்றைச் செருகுக. விளக்கு எரியாவிடில் பழுது கணினியினது அன்று. எரியின், மின்சாரம் சுவர்வரை வருகின்றது. பழுது அதற்கு இப்பாலது. அடுத்து, கணினியின் மின்கம்பியை மட்டும் வேறொன்றால் மாற்றி நோக்குக, பிறவற்றைத் தொடற்க.’ ஒவ்வொரு படியிலும் ஒரு சோதனை, ஒரு காட்சி, ஒரு கருதல் என மூன்று உள. ஒவ்வொன்றும் ஐயத்தின் எல்லையைச் சுருக்குகின்றது. எல்லையைப் பாதிபாதியாகச் சுருக்கவல்ல சோதனைகள் அமையுமாயின், 16 இடங்களை ஐயுற்றவன் 4 சோதனையிற் பழுதைக் கண்டுவிடுவான். இந்நடை சற்று நீளும். புதிய கலைச்சொல் ஒன்றும் இதற்கு வேண்டப்படவில்லை என்பதை நோக்குக.

முடிவுரை

உரையாசிரியர்கள் ஒரு நூற்பாவின்மேல் ஐயம் எழுப்பி, தடை கூறி, விடை தந்து, முடிவை நிறுவும் உரைநடையைப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே நமக்கு ஆக்கித் தந்தனர். காண்டிகையுரைக்கு வினாவும் விடையும் உறுப்பென நன்னூல் கூறும். ஏதுக் காட்டி எழுதும் ஆற்றல் தமிழுக்கு இல்லை என்பார் அவ்வுரைகளைப் படியாதாரே. அவ்வாற்றலை இலக்கணத்திற்கு மட்டும் உரியதாக்கித் தொழில்நூலுக்குத் தராமை நம் குறை.

முதுகலை வகுப்பில் உரைநடைப் பயிற்சிக்கு ஒரு திங்கள் ஒதுக்கி, வீட்டிலுள்ள பொருள் ஒன்றன் பழுதை நாடும் முறையை மாணவர் எழுதவும், அதனைப் படித்து மற்றொருவர் செய்துபார்க்கவும் ஏற்பாடு செய்யலாம். நடை நல்லதா என்று ஆசிரியர் கூறுமுன்னரே, விளக்கு எரிந்ததா என்பது கூறிவிடும். எம் மாணவி தம் ஆய்வேட்டைப் பின்னர் முடித்தார். மூதாட்டியின் பாடல்கள் நிற்க வேண்டிய இயல் அதில் இல்லை. ஐந்தாவதாக நின்ற ஒரு வாக்கியம் முதலாவதாக நின்றிருப்பின், அவ்வியல் இருந்திருக்கும்.